தேய்ந்த டேப்புகளுக்கு ஒரு குடோன்: இன்டர்நெட் ஆர்கைவ்

பாட்டு கேட்க நல்ல இடம் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு இன்டர்நெட் ஆர்கைவை நான் கைகாட்டுவதில்லை. சமையலறையில் ஓடவிடவும் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொள்ளவும் எத்தனையோ ஆப் இருக்கின்றன, அதற்கு அவை போதும். இது வேறு ரகம். இனி யாருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒலி, படம், புத்தகம், கம்ப்யூட்டர் விளையாட்டு என்று வந்ததையெல்லாம் வாங்கிப் போட்டுவைத்திருக்கும் பெரிய குடோன். காசு கேட்பதில்லை. பாட்டுக்கு நடுவே விளம்பரம் செருகுவதில்லை. அப்படியே ஒரு விளம்பரம் காதில் விழுந்தால், நீங்கள் கேட்க வந்த சரக்கே அதுவாகத்தான் இருக்கும்.

1996இல் புரூஸ்டர் கேல் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் ஆரம்பித்த, லாப நோக்கமில்லாத அமைப்பு இது. அழிந்துபோன இணையப் பக்கங்களைப் பார்க்க உதவும் வேபேக் மெஷினை வைத்துத்தான் பலருக்கும் பெயர் பழக்கம். அலுவலகம் இருப்பது பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில். உள்ளே ஒரு பக்கம் சர்வர்கள் விளக்கு மினுக்கிக்கொண்டு நிற்கும். பெஞ்சுகளில் அங்கே வேலை பார்த்தவர்களின் சுடுமண் உருவங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். படத்தில் பார்த்தபோது எனக்கு ஐயனார் கோயில் மண் உருவங்கள்தான் நினைவுக்கு வந்தன, கையில் அரிவாள் மட்டும் இல்லை.

விமர்சனம் எழுத எனக்கு என்ன தகுதி என்றால், கேசட் காலத்தில் கரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தவன். பாட்டு லிஸ்ட்டை நோட்டுத்தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். சி-60யா சி-90யா, அதாவது 60 நிமிட கேசட்டா 90 நிமிட கேசட்டா என்று கேட்டு, எந்தப் பாட்டுக்கு அப்புறம் எது, கடைசியில் மிச்சமாகும் இரண்டு நிமிடத்தில் எதைப் போடுவது என்று கணக்குப் பார்த்துப் பதிந்து கொடுப்போம். சாயங்காலம் ஆனால் ஸ்பிரிட்டில் பஞ்சைத் தொட்டு டெக்கில் டேப் உரசிப் போகிற ஹெட்டைத் துடைக்க வேண்டும், பஞ்சு பழுப்பாக வரும். அந்தப் பழுப்பு எல்லாம் யாரோ ஒருவருடைய பாட்டுதான், டேப்பிலிருந்து உதிர்ந்தது. இப்போது துண்டும் தலையணை உறையும் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். காது மட்டும் இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறது. அதனால் இது ஒரு டேப்காரனின் விமர்சனம், கம்ப்யூட்டர் தெரிந்தவரின் விமர்சனம் அல்ல.

நான் அங்கே முதலில் விழுந்தது கேமார்ட் டேப்புகளில். கேமார்ட் என்பது 1962இல் மிச்சிகன் மாநிலத்தில் முதல் கடையைத் திறந்து, பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவிய மலிவு விலைக் கடை. கடைக்குள் நாள் முழுக்கப் பின்னணியில் இசை ஓடும், சில பாட்டுக்கு ஒருமுறை கடையின் சொந்த விளம்பரம் வரும். இதைத் தலைமை அலுவலகமே கேசட்டாகத் தயாரித்து மாதாமாதம் கிளைகளுக்கு அனுப்பும். மாதம் முடிந்தால் பழைய கேசட் குப்பைக்குப் போக வேண்டியதுதான். 1989 முதல் பத்து ஆண்டு அங்கே வேலை பார்த்த ஒருவர் அவற்றைத் தூக்கிப் போடாமல் தன்னிடம் வைத்துக்கொண்டார். 2015இல் ஒன்றுவிடாமல் ஆர்கைவில் ஏற்றிவிட்டார். ஐம்பதுக்கும் மேலே.

இதில் என்ன இருக்கிறது கேட்க? ஆரம்ப கால டேப்புகளில் பாடகர் இல்லாத, வயலினும் எலக்ட்ரிக் பியானோவும் கலந்த வழவழ இசை, லிஃப்டில் போடுவது மாதிரி. 1991 வாக்கில் அது நிஜமான ஹிட் பாட்டுகளாக மாறிவிடுகிறது. நடுநடுவே கனிந்த குரலில் ஒருவர் கடைக்குள் நிற்பவர்களைக் கூப்பிட்டு, இதையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்கிறார். அவ்வளவுதான். ஆனால் ஒரு டேப்பை முழுதாக ஓடவிட்டுக் கணக்கு எழுதிப் பாருங்கள். யாரும் உட்கார்ந்து கேட்கக் கூடாது என்றே திட்டம் போட்டுச் செய்த இசை அது. வாடிக்கையாளரின் காதில் விழ வேண்டும், கவனத்தில் மட்டும் நிற்கக் கூடாது. அதற்கும் ஒரு குழு உட்கார்ந்து வாசித்திருக்கிறது, அதுவும் சுருதி பிசகாமல். எங்கள் ஊர்ச் சரக்கு போய் இறங்குகிற அந்த ஊர்க் கடைகள் உள்ளே எப்படி ஒலித்திருக்கும் என்பது சரக்கு வாங்குகிற எந்த வெளிநாட்டு பையரும் எனக்குச் சொல்லாத விஷயம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது டேப்பின் நிலைமை. ஏற்றியவரே குறிப்பில் எழுதியிருக்கிறார்: தினமும் 14 மணி நேரம், வாரம் முழுக்க, பக்கம் தானாக மாறும் ஆட்டோ ரிவர்ஸில் ஓடியவை இவை. பக்கத்துக்கு அரை மணி நேரம் என்றால் மணிக்கு இரண்டு தடவை ஹெட்டைக் கடக்கிறது. நாளைக்கு 28, மாதத்துக்கு 840. நாங்கள் பதிந்து கொடுத்த கேசட் எதுவும் அதன் ஆயுசு முழுக்க அவ்வளவு ஓடியிருக்குமா என்பது சந்தேகம். கேட்டால் தெரிகிறது. உச்ச சுருதிச் சத்தங்கள் மழுங்கி, ஓரம் நெளிந்த இடங்களில் இசை பக்கத்தில் வந்து பின்னால் போகிறது. போர்வைக்குள் இருந்து கேட்பது மாதிரி சில நிமிடங்கள், பிறகு சட்டென்று தெளிவு. ஏற்றியவர் இதை மெருகேற்றவில்லை. இருந்தபடியே கொடுத்திருக்கிறார், ஏன் இப்படி இருக்கிறது என்றும் எழுதிவிட்டார். 1992 மார்ச் 1, கேமார்ட்டின் முப்பதாவது ஆண்டு விழா அன்று போட்ட தனி டேப் ஒன்றும் அதில் உண்டு. அன்றைக்குச் சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னார்கள், கடை நிரம்பி வழிந்தது, ராத்திரி முழுக்க ஏற்பாடு செய்தோம் என்று குறிப்பு சொல்கிறது. அதைப் படித்துவிட்டுக் கேட்டால் டேப்பே வேறு டேப்பாகிவிடுகிறது. 1993 வாக்கில் சாட்டிலைட் வழியே இசை வர ஆரம்பித்ததும் கேசட் அனுப்பும் வழக்கம் நின்றது. பிறகு கடைகளும் போயின. அமெரிக்கப் பெருநிலத்தில் கடைசியாக இருந்த முழு அளவு கேமார்ட் 2024 அக்டோபரில் மூடப்பட்டது.

இந்தத் தளத்தை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான். சரக்கு எல்லா இடத்திலும் கிடைக்கும், யூடியூபில் இல்லாததா? ஆனால் சரக்கோடு சேர்த்து, ‘இது என் கைக்கு எப்படி வந்தது, எந்த மிஷினில் ஓட்டிப் பதிந்தேன், எங்கே கெட்டிருக்கிறது’ என்று எழுதிவைக்க இடம் கொடுத்து, அந்தக் குறிப்பைப் பக்கத்திலேயே நிற்கவைக்கிற ஏற்பாடு இங்கேதான் உருப்படியாக இருக்கிறது. குறிப்பு இல்லாமல் ஏற்றிய ஃபைல்களும் ஏராளம். அவற்றை நான் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவேன்.

சரி, இசைத்தட்டுக்கு வருவோம். ‘கிரேட் 78 புராஜெக்ட்’ என்ற பகுதியில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட 78 ஆர்.பி.எம் (நிமிடத்துக்கு 78 சுற்று) பதிவுகள். பத்து அங்குலத் தட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். தட்டின் முக்கியச் சரக்கு அரக்கு, அதிலும் பெரும்பங்கு இந்தியக் காட்டு மரங்களில் பூச்சி கட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு 1942இல் அரக்குப் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியதும், அங்கே இசைத்தட்டுத் தொழிலே ஆட்டம் கண்டது. கீழே போட்டால் உடைகிற சாமான் இது. பல ஊர் நூலகங்களும் தனி ஆட்களும் வைத்துக்கொள்ள இடமில்லாமல் கொடுத்த தட்டுகளை ஆர்கைவ் வாங்கிக்கொண்டது. இல்லினாய்ஸ் மாநிலத்தில் பட்டேவியா என்ற சிற்றூரின் பொது நூலகம் மட்டும் 48,000 தட்டுகள் கொண்ட சேகரிப்பைக் கொடுத்தது. இவற்றைப் பதிவு செய்கிற வேலை பிலடெல்பியா பக்கம் ஜார்ஜ் பிளட் என்பவரின் நிறுவனத்தில் நடந்தது.

அந்தப் பதிவு முறையைப் பார்த்துத்தான் நான் சொக்கிப்போனேன். ஒரே தட்டில் நான்கு முள். நான்கு கை கொண்ட டர்ன்டேபிள், ஒவ்வொரு கையிலும் வேறு வேறு பருமனில் முள். தட்டு ஒருமுறை ஓடி முடிவதற்குள் நான்கு பதிவு தயார். எதற்கு? அந்தக் காலத்து இரும்பு முள் பள்ளத்தின் சுவரை ஒரே உயரத்தில் தேய்த்துத் தேய்த்துக் கெடுத்திருக்கும். மெல்லிய முள் அந்தத் தேய்மானத்துக்குக் கீழே இறங்கும், தடித்த முள் அதற்கு மேலே சவாரி செய்யும். எந்த முள் தேயாத சுவரைத் தொடுகிறதோ அதில்தான் பாடகர் இருக்கிறார். மற்றதில் வெறும் வாணலிச் சத்தம். எது என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது, தட்டுக்குத் தட்டு மாறும். அதனால் நான்கையும் பதிந்து, கூடவே ஒலிச் சமன் செய்யாத மூலம் ஒன்று, சமன் செய்தது ஒன்று என்று இரண்டு வகையிலும் ஏற்றியிருக்கிறார்கள். (1950களின் நடுவில் எல்லாரும் ஒரே அளவுக்கு வருவதற்கு முன், கனத்த ஒலியை எவ்வளவு குறைத்துப் பதிவது, கீச்சொலியை எவ்வளவு தூக்குவது என்பதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு.) ஒலிப்பொறியாளர் தன் காதுக்கு நன்றாகப்பட்டதை மேலே வைத்திருப்பார். பிடிக்கவில்லையா, கீழே போய் மற்றதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு ராத்திரி உட்கார்ந்து ஒரே பாட்டின் நான்கு முள்ளையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள், வயர் உள்ள ஹெட்போனில். ஒன்றில் கிளாரினெட் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பாடுபவரின் ‘ஸ’கரம் கத்தியாக வெட்டும், மூன்றாவதில் அடித்தொண்டை வரும் ஆனால் தாளம் மங்கும். பெயர் சொல்ல வேண்டாத ஒரு பாட்டு ஆப்பில் பழைய பாடல்களைச் சுத்தம் செய்கிறேன் என்று இரைச்சலோடு சேர்த்து மூச்சையும் உறிஞ்சிவிடுகிறார்கள். கேட்டால் தண்ணீருக்குள் நின்று பாடுவது போலிருக்கிறது. எனக்கு இரைச்சல் இருந்தாலும் பரவாயில்லை, ஆள் வேண்டும்.

இந்தத் தட்டுகளில் பெரும் பாட்டுக்காரர்களைத் தேடிப் போனால் உங்களுக்குச் சுவாரஸ்யம் குறைவு. அவர்கள் எங்கேயும் கிடைப்பார்கள். 1910கள், 20களில் அமெரிக்காவுக்கு வேலை தேடிப் போன உக்ரைன்காரர், போலந்துக்காரர், கிரேக்கர், யூதர், துருக்கியர் எல்லாருக்கும் அவரவர் மொழியில் தட்டு போட்டு விற்றார்கள் கம்பெனிக்காரர்கள். கிராமபோன் பெட்டி விற்க வேண்டுமே. பாவ்லோ ஹுமேனியுக் என்றொரு பிடில்காரர். 1920களின் நடுவில் கல்யாண வீட்டுக் கலகலப்பையும் பிடில் இசையையும் கலந்து பன்னிரண்டு அங்குலத் தட்டில் ஒரு உக்ரைன் கல்யாணத்தையே பதிந்தார், வில்லை அழுத்தித் தேய்க்கிற வாசிப்பு. புலம்பெயர்ந்தவர்கள் வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். நம் பக்கம் ஒரு நாடகத்தையே பல தட்டுகளில் பதிந்து நாடக செட் என்று விற்ற காலத்தோடு இதை வைத்துப் பார்த்தால் வியாபார புத்தி எங்கேயும் ஒன்றுதான் என்று தெரியும்: பாட்டு மட்டும் போதாது, கூடவே கூட்டமும் வேண்டும். இப்படிப்பட்ட தட்டுகளை ஆர்கைவில் மொழியை வைத்துத் தேடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், திரும்பி வராது.

அப்புறம், ‘கானெட் புராஜெக்ட்’. லண்டனின் இர்டியல் என்ற சின்ன கம்பெனி 1997இல் நான்கு சிடியாக வெளியிட்டு, பிறகு எல்லாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. முழுக்கச் சிற்றலை ரேடியோவில் வரும் ‘எண் நிலையங்கள்’. ஒற்றர்களுக்குச் செய்தி அனுப்ப நாடுகள் நடத்தியதாக நம்பப்படும் ஒலிபரப்பு. ஒன்றில் ஆங்கில நாட்டுப்புற மெட்டு ஒன்றின் சில சுரங்கள் திரும்பத் திரும்ப வரும், பிறகு ஒரு பெண் குரல் ஐந்தைந்து எண்களாகப் படிக்கும். படிப்பதில் ஒவ்வொரு தொகுப்பின் கடைசி எண் மட்டும் கொஞ்சம் மேலே எழும்பும். சைப்ரஸ் தீவிலிருந்து பிரிட்டிஷ் உளவுத்துறை நடத்தியது என்பது ரேடியோ ஆர்வலர்களின் முடிவு. 2008இல் நின்றுவிட்டது. இலங்கை வானொலியைப் பிடிக்கச் சிற்றலையில் முள்ளைத் திருப்பித் திருப்பி வளர்ந்தவர்களுக்கு, இரண்டு நிலையங்களுக்கு நடுவே வருகிற அந்த ஊளைச் சத்தம் மறந்திருக்காது. அதை ஒரு ஆல்பமாகக் கேட்பது தனி அனுபவம். வீட்டில் ஸ்பீக்கரில் போடாதீர்கள். எங்கள் வீட்டில் ‘என்ன கருமம் இது’ என்று கேட்டாகிவிட்டது, நியாயமான கேள்வி.

படங்கள் பக்கம் நான் அதிகம் போவதில்லை. ரிக் பிரெலிங்கர் சேர்த்த பழைய பிரசாரப் படங்கள், பள்ளிக்கூடத்தில் காட்டிய பாடப் படங்கள், கம்பெனி விளம்பரங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அணுகுண்டு விழுந்தால் மேசைக்கு அடியில் பதுங்கு என்று பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன் ஆமை சொல்லிக்கொடுக்கும் படம் அதில் பிரபலம். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பிரௌசரிலேயே ஆடலாம், என் மகன் அதோடு சரி.

குறை என்று சொன்னால், ஏற்றுபவர் எழுதியதுதான் பெயர், அவர் போட்டதுதான் ஆண்டு. தமிழ் தேடும்போது இது நன்றாகக் குத்தும். கச்சேரிப் பதிவுகள், பழைய பத்திரிகைகள், ஸ்கேன் செய்த நூல்கள் என்று தமிழ்ச் சரக்கு குவிந்திருக்கிறது. ஆனால் பெயரை ஆங்கில எழுத்தில், அவரவர் வாய்க்கு வந்தபடி எழுதியிருப்பார்கள். பாடகர் தண்டபாணி தேசிகரைத் தேடுகிறவர் அவர் பெயரை எழுதக்கூடிய எல்லா விதத்திலும் எழுதிப் பார்க்க வேண்டும். நல்ல ஃபைல் ஒன்று சிக்கினால், அதை ஏற்றியவரின் பெயரைச் சொடுக்கிவிடுங்கள். அவருடைய மற்ற சேகரிப்பு முழுக்க வரும். தேடல் பெட்டியை விட இந்த வழி பத்து மடங்கு மேல். ரசனை உள்ள ஆள் ஒருவர் கிடைத்தால் அந்த மாதம் போதும். கிரேட் 78 பகுதியில் தமிழ்த் தட்டுகளைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், வந்த தட்டுகள் பெரும்பாலும் அமெரிக்க வீடுகளிலிருந்து வந்தவை.

கவலை வேறு இடத்தில். 2023 ஆகஸ்டில் யூனிவர்சல், சோனி உள்ளிட்ட இசைக் கம்பெனிகள் இந்த 78 திட்டத்தின் மேல் வழக்குப் போட்டன. முதலில் 2,749 பதிவுகளைப் பட்டியலிட்டு, கேட்ட நஷ்டஈடு 40 கோடி டாலருக்கு மேலே போகும் கணக்கு. 2025 செப்டம்பரில் சமரசம் ஆனது, நிபந்தனைகளை வெளியே சொல்லவில்லை. புத்தகங்களை இரவல் கொடுத்த விஷயத்தில் பதிப்பாளர்களிடம் கோர்ட்டில் தோற்று லட்சக்கணக்கான நூல்களை எடுத்துவிட நேர்ந்தது. யாரோ உள்ளே புகுந்து 3 கோடியே 10 லட்சம் பேரின் கணக்கு விவரங்களைத் திருடியது 2024 அக்டோபரில் வெளியே வந்தது, தளமே சில நாள் படுத்துக்கிடந்தது. கணக்கு வைத்திருப்பவர்கள் அங்கே போடும் பாஸ்வேர்டை வேறெங்கும் போடாமல் இருப்பது நல்லது. வெறுமனே கேட்கவும் இறக்கவும் கணக்கே தேவையில்லை, இரவல் புத்தகத்துக்கும் நீங்களே எதையாவது ஏற்றுவதற்கும்தான் வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இன்னும் விற்பனையில் இருக்கிற பாட்டை இலவசமாகக் கொடுத்தால் கோபம் வரும்தான். எங்கள் ரெக்கார்டிங் சென்டரும் அந்தக் கணக்கில் சுத்தமான தொழில் இல்லை, ஊருக்கே தெரியும். ஆனால் உக்ரைன் கல்யாணத் தட்டையும் கேமார்ட் டேப்பையும் இனி எந்தக் கம்பெனி மறுபடி அச்சுப் போட்டு விற்கப் போகிறது?

அதனால் என் பழக்கம் இது: பிடித்தது கண்ணில் பட்டால் அன்றைக்கே இறக்கிவிடுவேன். பக்கத்தின் வலப்புறத்தில் எத்தனை வடிவத்தில் ஃபைல் இருக்கிறது என்று பட்டியல் வரும். எம்பி3 போதும் என்பவர்கள் அதை எடுக்கலாம், கேசட் தலைமுறை ஆட்கள் ஒலியைக் குறைக்காத ஃபிளாக் வடிவத்தை எடுங்கள், இடம் அதிகம் பிடிக்கும் ஆனால் தேய்மானம் முழுசாகக் கேட்கும். ஏற்றியவரின் குறிப்பையும் மறக்காமல் நகலெடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவையுங்கள், ஃபைலோடு சேர்ந்து அது தானாக இறங்காது. கைபேசியில் பார்ப்பதைவிடக் கம்ப்யூட்டரில் வசதி. நாலு முள் வித்தையைப் பேருந்து இரைச்சலில் கேட்டுவிட்டு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை என்று எனக்கு எழுதாதீர்கள்.